செவ்வாய் வெள்ளி ஆட்கள்

ஞாயிறு

மடுக் கோயிலைப் பற்றியும் இரணைமடுக் குளத்தைப் பற்றியும் இங்கே முன்பு எழுதியதை வாசித்துவிட்டு “அடுத்து எங்கே?” என்று கேட்டவர்களுக்கு: அடுத்தது வவுனியா, ஆஸ்பத்திரிப் பக்கம். ஊர் பார்க்கப் போகவில்லை. அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் மாசியோடு கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. இந்தப் புதன்கிழமை கையில் ஒரு சின்ன ஒப்பரேஷனும் இருப்பதால், “ஊருக்குப் போய்ப்போய் வராமல் கிட்டடியிலேயே நில்லுங்கோ” என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கிட்டடியில் எங்கே நிற்பது? வவுனியாவில் எங்களுக்கென்று இருந்த ஒரே சொந்தக்காரக் குடும்பமும் கனடாவுக்குப் போய்விட்டது. லொட்ஜில் தங்கினால் போன போகத்தில் மிஞ்சிய காசு அப்படியே கரைந்துவிடும். போன மாதம் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்தான் இந்தத் தங்குமிடத்தைச் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் தாயின் நினைவாகக் கட்டிக்கொடுத்த கட்டடம். வாடகை கிடையாது, வாசலில் ஒரு உண்டியல். ஆண்களுக்கு ஒரு மண்டபம், பெண்களுக்கு ஒரு மண்டபம், பின்னால் குசினி.

நெடுங்கேணியில் பஸ் ஏறி, புளியங்குளத்தில் ஏ9 வீதிக்கு ஏறினோம். வீதியோரத்தில் பாலைப்பழம் விற்கத் தொடங்கிவிட்டார்கள். சின்னச் சின்ன மஞ்சள் குவியல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பேணி. அப்பா யன்னலால் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். முன்பு சோதனைச் சாவடி இருந்த ஓமந்தையில் இப்போது யாரும் இறங்கிப் பையைக் கிளறிக் காட்டத் தேவையில்லை. ஆனாலும் அந்த இடம் வரும்போது மனிசன் எவ்வளவு நித்திரையில் இருந்தாலும் விழித்து, சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இன்றைக்கும் பார்த்தார்.

தங்குமிடத்தில் பொறுப்பாக இருக்கும் அண்ணை பெயரையும் ஊரையும் கொப்பியில் பதிந்துவிட்டு, பாய் எடுக்கிற இடத்தைக் காட்டினார். ஆண்கள் மண்டபத்தின் வாசல்வரைதான் நான் போகலாம். டயலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் செருகிய மனிசனை அந்த வாசலில் விட்டுவிட்டு வருவது லேசாக இல்லை. இரவில் எழும்பினால் யார் பிடிப்பது? குழாய்க்கட்டு நனைந்தால் யார் பார்ப்பது? சரி, நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கள்

காலையில் குசினிக்குள் கால் வைத்ததும் முதல் கேள்வி: “எந்தக் கிழமை?”

ஊர் எது, ஆர் பிள்ளை, என்ன மதம், சண்டைக்குள் எங்கே இருந்தீர்கள் என்று வன்னியில் புதிதாகச் சந்திக்கும் இருவர் வழக்கமாகக் கேட்டுக்கொள்ளும் எதையும் இங்கே முதலில் கேட்பதில்லை. செவ்வாய் வெள்ளி என்றேன். “அப்ப எங்கட ஆள்” என்று ஒரு அம்மா அடுப்பில் இடம் விட்டார். திங்கள் வியாழன் ஆட்கள் இன்றைக்கு மெஷினுக்குப் போவதால் அவர்களுக்கு முதல் அடுப்பு. நாளைக்கு எங்களுக்கு. புதனும் சனியும் போகிறவர்கள் குறைவு. அவர்கள் யார் அடுப்பில் இடம் கிடைக்கிறதோ அங்கே.

குசினியின் சட்டங்கள் சுவரில் ஒட்டியிருக்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். உப்புப் போடுகிற சட்டியும் போடாத சட்டியும் வேறு. போடாத சட்டியின் அகப்பையில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. மரக்கறியைச் சின்னதாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்து, அதை ஊற்றிவிட்டு, வேறு தண்ணீரில் அவித்து, அதையும் ஊற்றிவிட்டுத்தான் கறி. பொட்டாசியம் இறங்க வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது கூடினால் இதயம் நின்றுவிடும் என்று வார்ட்டில் நேர்ஸ் மிஸ்ஸி சொன்னபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. இங்கே ஒருவர் கத்தரிக்காய் வெட்டுவதைப் பார்த்தபோது முழுவதும் விளங்கியது. வாழைப்பழம், இளநீர், தக்காளி கவனம். பிலிம்பிக்காய் வாசலுக்கே வரக்கூடாது. கடைகளில் ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பை நல்லதென்று நினைத்து ஒருவர் வாங்கி வந்திருந்தார். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைட்டு. பொறுப்பாளர் அண்ணை அதை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அப்புறம் முட்டை. டயலிசிஸ் தொடங்கும் முன் “புரதத்தைக் குறையுங்கோ” என்றார்கள். தொடங்கிய பிறகு “கூட்டுங்கோ” என்கிறார்கள். மெஷின் கழிவோடு சேர்த்து நல்லதிலும் கொஞ்சத்தை இழுத்துவிடுவதால் அப்படி. அதனால் நோயாளிகளுக்கு வெள்ளைக்கரு. மஞ்சள் கரு எல்லாம் பக்கத்தில் நிற்கும் எங்களுக்கு. காலையில் பத்துப் பதினைந்து மஞ்சள் கருவைப் பச்சை மிளகாயோடு பொரித்து, பாணோடு வட்டமாக இருந்து சாப்பிடுகிறோம். இப்படியே போனால் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்கள் நாங்கள்தான்.

இறைச்சி சமைப்பதில்லை. மதத்துக்காக வைத்த சட்டமாக்கும் என்று நினைத்தேன். குளிர்சாதனப் பெட்டி பழுது, அதுதான் காரணம். இந்த ஒரு பழுதால் எத்தனை பிரச்சினை வராமல் போயிருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

முள்ளியவளை ஆச்சி ஒருவர் இருக்கிறார். மகனுக்குத் திங்கள் வியாழன். பின்னேரம் முழுவதும் போனைக் காதில் வைத்தபடி இருந்தார். வற்றாப்பளை அம்மனுக்கு இன்றைக்கு முல்லைத்தீவுப் பக்கத்துச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீரில்தான் விளக்கு எரியும். ஒரு கிழமை முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் எரிந்து, அடுத்த திங்கள் வற்றாப்பளைக்குப் போகும். அன்றைக்குப் பொங்கல். ஊர்வலத்தில் யார் யார் வருகிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, குசினியில் இருந்த எங்களுக்கும் சொன்னார்.

செவ்வாய்

அப்பாவுக்கு அன்றைய மூன்றாவது முறை (ஷிஃப்ட்), பின்னேரம். நான்கு மணித்தியாலம்.

முதலில் நிறுவை. போன முறை மெஷினால் இறங்கியபோது இருந்த நிறைக்கு மேல் எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ, அத்தனை லீற்றர் தண்ணீர் உடம்பில் நிற்கிறது. ஒரு கிலோவுக்கு ஒரு லீற்றர், கணக்கு நேரானது. ஒரேயடியாகக் கனக்க எடுத்தால் பிரஷர் விழும், கால் விறைத்து இழுக்கும். மெஷினுக்குள் ஓடும் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர், நான்கு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். அப்பா ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று விட்டிருப்பது முக்கால் லீற்றர், அதில் தேத்தண்ணியும் சொதியும் அடக்கம். வாய்க்கால் தலைப்பில் நின்று செம்பு செம்பாகக் குடித்த மனிசன். “மெஷினுக்கு 120, எனக்கு முக்கால்” என்று மிஸ்ஸியிடம் முறையிட்டார். அவ சிரிக்கவில்லை. எல்லா நாளும் எல்லோரும் சொல்வதாக்கும்.

பக்கத்துக் கட்டிலில் சிலாவத்துறை நானா, மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் மனிசன். டயலிசிஸில் பழைய ஆள். மிஸ்ஸிமாரே சில நேரம் அவரிடம் கேட்கிறார்கள், இன்றைக்கு எந்த மெஷின் கத்தும் என்று. டயலிசிஸ் எங்கே இருந்து வந்தது என்று தேடி வாசித்ததை அவருக்குச் சொன்னேன். வில்லம் கோல்ஃப் என்ற ஒல்லாந்து டொக்டர், 1943இல், நாட்டை ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த நேரத்தில், சொசேஜ் சுற்றுகிற செலஃபேன் குழாயை மரச் சட்டம் அடித்த உருளையில் சுற்றி முதல் மெஷினைச் செய்தார். முதலில் ஏற்றிய ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்துப் போனார்கள். 1945இல் ஒரு 67 வயதுப் பெண் பிழைத்தார். நானா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “சண்டைக்குள்ள இருக்கிறவனுக்குத்தான் கைல கிடைச்சத வெச்சு செய்ய வரும்” என்றார். அப்பா உடனே மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின கதையைத் தொடங்கினார். பெற்றோல் வராத காலத்தில் வன்னியில் அப்படித்தான் ஓடினோம். கிளப்புவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். நானா அந்த நேரம் புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போனவர், இருபது வருடம் கழித்துத்தான் ஊருக்குத் திரும்பினார். அதை அவர் சொன்னபோது அப்பாவின் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

முடிந்து வெளியே வரும்போது இரவு எட்டைத் தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் நெடுங்கேணிக்கும் பஸ் இல்லை, சிலாவத்துறைக்கும் இல்லை. இருந்தாலும் நெடுங்கேணியிலிருந்து எங்கள் வீட்டுப் பாதையில் யானைக்குப் பயந்து ஓட்டோக்காரர் வரமாட்டார்.

மண்டப வாசலில் நானா அப்பாவின் பையை என் கையிலிருந்து வாங்கினார். “நீங்க போங்க மகள், நான் பாக்கிறன்.” நானாவும் அதே நான்கு மணித்தியாலம் படுத்துவிட்டு வந்தவர்தான். இரவு அப்பா எழும்பினபோது அவர் எழும்பிக் கூடப் போயிருக்கிறார். கழுத்துக் கட்டில் தண்ணீர் படாமல் பொலித்தீன் சுற்றி முகம் கழுவ விட்டதும் அவர்தான். பதிலுக்கு நான் செய்யக்கூடியது அவருடைய மனைவிக்கு. முழங்கால் வருத்தத்தால் கீழே இருந்து வெட்ட அவருக்கு ஏலாது. அவருடைய மரக்கறியும் என் மரக்கறியும் இன்று முதல் ஒரே பலகையில்.

புதன்

ஒப்பரேஷன் முடிந்தது. இடது மணிக்கட்டில், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் ஒரு நாடியையும் திரும்பக் கொண்டுபோகும் ஒரு நாளத்தையும் ஒன்றாக இணைத்துத் தைத்திருக்கிறார்கள். விறைப்பூசி மட்டும்தான், அப்பா முழு நேரமும் கதைத்துக்கொண்டே இருந்தாராம். நாடியின் அழுத்தத்தால் நாளம் ஆறேழு கிழமையில் தடித்துப் பெருக்கும். பிறகு ஊசி அதில்தான், கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம். அந்தக் கையில் இனிப் பிரஷர் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, மணிக்கூடு கட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. “மண்வெட்டி?” என்று அப்பா கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார்.

களைத்துவிட்டேன். நாளைக்கு.

வியாழன்

பெண்கள் மண்டபத்திலிருந்து பார்த்தால் ஆண்கள் மண்டபத்தின் முன்விறாந்தை தெரியும். காலை ஐந்தரைக்கு அங்கே நடப்பதைச் சொல்ல வேண்டும். நாளம் தைத்த கையுள்ள ஆண்கள் வரிசையாகக் கதிரைகளில் இருந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்க்கிறார்கள். தைத்த இடத்தில் விரலை வைத்தால் ஒரு நடுக்கம் தெரிய வேண்டும். காதை வைத்தால் உஸ் உஸ் என்று சத்தம் கேட்க வேண்டும். அது நின்றால் இரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம், ஓடவேண்டும். தன் கையைத் தானே பார்க்கலாம். ஆனால் ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் தன்னுடையது ஓடுகிறது, ஓடுகிறது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாராம். உண்மையில் நின்றுவிட்டிருந்தது. ஓடவேண்டும் என்ற ஆசையில் விரல் பொய் சொல்லும் என்கிறார் நானா. அதிலிருந்து இங்கே ஒருவர் கையை மற்றவர்தான் பார்ப்பது.

அப்பாவின் கையை இன்று பார்த்தது வவுனியா தெற்குப் பக்கத்துச் சிங்களப் பையன். அவனுடைய அம்மாவுக்குத்தான் நோய், அவன் துணைக்கு நிற்கிறான். தமிழ் நன்றாக வரும், எழுதத் தெரியாது. கண்ணை மூடி, தலையைக் குனிந்து, விரலை வைத்திருந்தான். “ஓடுது மாமா, நல்லா ஓடுது.”

அதன் பிறகு நோய் எப்படி வந்தது என்ற விவாதம். இது தினமும் நடக்கும் என்கிறார்கள். சீனியும் பிரஷரும் இல்லாத கமக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகிற இந்த நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சிப் பக்கங்களில் முதலில் கண்ணில் பட்டது. வவுனியாவுக்கும் அதில் பங்கு உண்டு. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் இன்னும் பெயர். பையன் கிணற்றுத் தண்ணீர் என்றான். கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் ஊரில்தான் நோயும் இருக்கிறதாம். அப்பா களைகொல்லி என்றார். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து, பிறகு தளர்த்தியது ஏன் என்று அவருக்கு இன்னும் கோபம். செட்டிகுளத்து அம்மா ஒருவர், 77 கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர், “வெயிலுங்க” என்றார். “தேயிலைக் காட்டுல குளிர். இங்க வந்து வெயில்ல தண்ணி இல்லாம மாடு மாதிரி வேல செஞ்சோம்.” ஆராய்ச்சி செய்கிறவர்களும் இந்த மூன்றையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புளோரைட்டும் கடினமும் கூடிய தண்ணீர், வேளாண் இரசாயனம், வெப்பத்தில் உடம்பு வறள்வது. ஒன்று தனியாகவா, சேர்ந்தா என்பது இன்னும் முடிவாகவில்லை. விறாந்தையிலும் முடிவாகவில்லை. பாணும் மஞ்சள் கருவும் வந்ததும் கலைந்தார்கள்.

வெள்ளி

அப்பாவுக்கு மெஷினில் கால் இழுத்து, பிரஷர் இறங்கி, கொஞ்ச நேரம் பயப்படுத்திவிட்டார். காலைத் தாழ்த்தாமல் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து, தண்ணீர் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். சரியாகிவிட்டது. இரவு நானாவின் மனைவி என் பாயைத் தன் பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்.

சனி

மே 18. காலையிலிருந்தே வீதியில் சில இடங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். 2009இல் சண்டையின் முடிவில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தவர்களுக்குக் கடைசியில் மிஞ்சிய சாப்பாடு: அரிசி, தண்ணீர், இருந்தால் உப்பு.

தங்குமிடத்தில் காய்ச்சுவதா என்ற பேச்சு முதல்நாள் இரவே வந்தது. பொறுப்பாளர் அண்ணை “நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றார். அது சம்மதம். ஆனால் சிக்கல் வேறு இடத்தில். கஞ்சி என்றால் தண்ணீர், உப்பு. இங்கே இருப்பவர்களுக்கு இரண்டும் அளவு. முள்ளியவளை ஆச்சி உப்பில்லாமல் காய்ச்சினார், ஆளுக்கு அரைக் கோப்பை. அந்த அரைக் கோப்பையை அன்றைய தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். அப்பா தன் போத்தலில் பேனையால் ஒரு கோடு போட்டார், இவ்வளவு குறைக்க வேண்டும் என்று. ஆச்சி யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அவருடைய மூத்த பிள்ளைகள் அங்கே செத்துப்போனவர்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிங்களப் பையனின் அம்மாவும் வந்து கோப்பையை நீட்டினார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் அவர் வெசாக் கூடு ஒட்டுவதற்குப் பசை காய்ச்சினார். மூங்கில் சட்டத்தை ஆச்சியின் மகன் பிடித்துக் கொடுத்தான். அடுத்த கிழமை வெசாக், புத்தர் திருநாள்.

இரவில் ஒரு வாக்குவாதம். எல்லாம் நல்லாய்த்தான் நடக்கிறதென்று நினைத்துவிடக் கூடாது. கழிவறை கழுவும் முறையை இரண்டு பேர் தொடர்ந்து தட்டிக்கழிக்கிறார்கள். ஒருவர் எரிவாயு சிலிண்டருக்கான காசு தரவே இல்லை. சத்தம் கூடிப்போய், அழுகையும் வந்து, கடைசியில் பொறுப்பாளர் அண்ணை கொப்பியில் முறையை எழுதி ஒப்பம் வாங்கினார். இதைக் ‘குடும்பம் போல’ என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. குடும்பத்தில் யாரும் கொப்பியில் ஒப்பம் வைப்பதில்லை, அதனால்தான் அங்கே வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. இங்கே எவரும் எவருக்கும் எதுவும் கடமைப்பட்டவரில்லை. தன்னுடைய ஆள் மெஷினில் கிடக்கும்போது யாரோ ஒருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு தேவைதான் எல்லோரையும் கட்டிவைத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

ஞாயிறு

பாலைப்பழம் விவகாரம். நானாவின் மருமகன் மன்னார் வீதியால் வரும்போது ஒரு பேணி வாங்கி வந்துவிட்டான். விறாந்தையில் அத்தனை நோயாளியும் சிறுபிள்ளைகளாகிவிட்டார்கள். நான் மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன். பழம் எதுவானாலும் கொஞ்சம்தான், அதுவும் வேறு பழம் எதுவும் அன்றைக்கு இல்லையென்றால், என்றார். ஆளுக்கு நாலு என்று முடிவானது. அப்பா நாலையும் சாப்பிட ஏறக்குறைய அரை மணித்தியாலம் எடுத்தார். உதடு ஒட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை. பால் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். தடவ விடமாட்டேன் என்கிறார்.

பின்னேரம், இரவு பஸ் கேட்டு ஒரு கடிதம். வெள்ளி இரவு அப்பா களைத்துப் படுத்தபோதே எனக்கு இது மனதில் வந்தது. இங்கே இருக்கும் எல்லோருக்கும் தங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. மூன்றாவது முறை முடிந்தபின் நெடுங்கேணிப் பக்கமும் மன்னார் வீதிப் பக்கமும் ஒவ்வொரு பஸ் இருந்தால், பாதிப் பேர் தங்கள் பாயில் போய்ப் படுத்திருப்பார்கள். இந்தக் குசினி எனக்குப் பிடிக்கும்தான். அதற்காக, வீடு போகமுடியாதவர்கள் சேர்ந்து நன்றாகச் சமைக்கிறார்கள் என்று கைதட்டிவிட்டுப் போக முடியுமா?

ஆச்சிதான் எங்களுக்கு வாதத்தை எடுத்துக் கொடுத்தார். “நாளைக்குப் பொங்கலுக்கு விடிய விடிய பஸ் விடுறாங்கள்தானே. ஒரு நாளைக்கு விடலாம் எண்டா மற்ற நாளைக்கும் றோட்டு அங்கதான் இருக்கு.” இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது, அப்படியே எழுதினேன். தமிழில் நான், சிங்களத்தில் பையன். ஒப்பம் வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, சிலர் வைக்கமாட்டார்கள். “முறையை மாத்திப்போடுவாங்கள் பிள்ளை” என்றார் ஒருவர். பஸ்ஸுக்கும் மெஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடிதம் எழுதி மாட்டிக்கொண்ட காலங்களைக் கண்ட ஆட்கள். வற்புறுத்தவில்லை.

திங்கள்

ஆச்சி பொங்கலுக்குப் போயிருக்கிறார்.

போகமாட்டேன் என்றுதான் இருந்தார். மகனுக்கு இன்றைக்கு மெஷின். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து, இடம்பெயர்ந்திருந்த வருடங்கள் தவிர, பொங்கலைத் தவறவிட்டதில்லையாம். காலையில் குசினியில் நானாவின் மனைவிதான் சொன்னார்: “செவ்வாய் வெள்ளி ஆக்கள் இன்டைக்கு சும்மாதானே இருக்கிறம்.” அவ்வளவுதான், ஏற்பாடு நடந்துவிட்டது. மெஷின் பக்கம் நான், பின்னேரச் சாப்பாடு நானாவின் மனைவி, இரவு மண்டபத்தில் அவனைப் பார்க்க அப்பா. நேற்றுவரை மற்றவர்கள் பார்த்துக்கொண்ட அப்பா! கையைத் தொங்கவிடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “நான் நிக்கிறன், நீங்க போயிட்டு வாங்கோ அக்கா” என்றார். ஒரு கிழமையாக இப்படி நிமிர்ந்து நின்று அவர் பேசி நான் பார்க்கவில்லை.

ஆச்சியின் மகன் அதிகம் கதைக்காத ஆள். நான்கு மணித்தியாலமும் போனில் வற்றாப்பளை நேரலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சனம், தூக்குக் காவடி, பாற்செம்பு, தூசி. நந்திக்கடல் பக்கம் கமரா திரும்பும்போதெல்லாம் போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தான். “அம்மாவைக் கண்டனீங்களா?” என்று கேட்டேன். “அந்தச் சனத்துக்குள்ளயா அக்கா?” என்றான். ஆனால் தேடிக்கொண்டுதான் இருந்தான்.

அப்பாவின் கட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். காயம் சுத்தம். நடுக்கம் இருக்கிறது. ரப்பர் பந்து ஒன்றைப் பிசையச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் காயம் ஆறிய பிறகு.

செவ்வாய்

ஆச்சி விடியப்புறம் வந்து இறங்கினார், கண்ணெல்லாம் சிவந்து. தூக்குச்சட்டியில் பொங்கல். ஆளுக்கு ஒரு கரண்டி.

கடிதத்தைப் பையனும் நானும் காலையிலேயே கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேசையில் இருந்தவர் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். ஆச்சியின் வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டு, பிறகு முகத்தைச் சரி செய்துகொண்டார். மெஷின் எத்தனை மணிக்கு முடிகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று ஆஸ்பத்திரியிடமிருந்து ஒரு துண்டு வேண்டுமாம். அது இருந்தால் மேலே அனுப்பலாமாம். மறுக்கவில்லை.

இன்றைக்கு அப்பாவுக்கு வேறொருவர் இடம் கொடுத்ததால் முதல் முறை கிடைத்தது. பதினொன்றரைக்கே முடித்துக்கொண்டு வெளிக்கிட்டோம். பின்னேர முறைக்குத் தன் இடத்தை மாற்றிக்கொண்ட அந்த மனிதர் தோணிக்கல்லில் இருக்கிறார், நடந்தே போய்விடுவேன் என்றார்.

யாராவது இங்கே வருவதென்றால்: பாய் இருக்கிறது, தலையணை கொண்டுவாருங்கள். பெற்சீற் இரண்டு. அளவு கோடு போட்ட போத்தல் ஒன்று. நல்ல கத்தி ஒன்று, குசினியில் இருப்பவை வெட்டாது. சில்லறைக் காசு. கொசுவலை கட்டாயம். கொப்பியில் கழிவறை முறைக்கு உங்கள் பெயரை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள், பிறகு எல்லாம் லேசு.

ஆஸ்பத்திரித் துண்டு வாங்குவது திங்கள் வியாழன் ஆட்களின் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒப்பம் வைக்க மறுத்தவர்தான் வியாழக்கிழமை போய் வாங்கி வருகிறேன் என்று ஏற்றிருக்கிறார். அதற்குத் தன் பெயர் எழுதத் தேவையில்லையாம். வெள்ளிக்கிழமை வரும்போது கேட்பேன்.